தேங்காய் ரொட்டிக்குச் சேர்ந்த பீர்

அந்த பீருக்கு ஹெல்லஸ் என்று பெயர். ஜெர்மன் பாஷையில் வெளிச்சமானது என்று அர்த்தமாம். நான் சமைக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கு வருஷம் தவறாமல் வரும் ஜெர்மன்காரம்மா, ஸ்வெட்டருக்குள் சுருட்டி நாலு பாட்டில் கொண்டுவந்திருந்தார். அவர் ஊரில் முள்ளங்கியை மெல்லிசாகச் சீவி, உப்புத் தூவி இதோடு சாப்பிடுவார்களாம். பெருமாள்மலையில் வாங்கிய முள்ளங்கியைச் சீவிக் கொடுத்தேன். நம் சமையலில் இதற்கு எது சேரும் என்று கேட்டார். குடித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அடுப்படியிலேயே ஒரு டம்ளர் வாங்கி, ஒரு வாய் குடித்தேன்.

மூஞ்சியைச் சுளிக்கத் தயாராகத்தான் இருந்தேன். கசப்போ கடைசியில் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. முதலில் வந்தது, அப்போதுதான் சுட்ட ரொட்டியின் வாசம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தேங்காய் ரொட்டி இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடியாது. சுட்டு, மிளகாய் இடித்த சம்பலோடு தின்று பார்த்தேன். காரம் பட்டதும் பீரில் ஒன்றுமே தெரியவில்லை. சம்பலைத் தள்ளிவிட்டு வெண்ணெய் தடவினேன். சேர்ந்துவிட்டது. இன்னொரு டம்ளர் வாங்கிப் பார்த்ததில், மிளகு தட்டிப்போட்டு அவித்த கோழியும் சேர்ந்தது. ஜெர்மன்காரம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பாத்திரம் கழுவ வருகிறவள் நான் குடித்ததைப் பார்த்திருக்கிறாள். அவளும் எங்கள் சர்ச் சபைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கோயிலில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பல வருஷமாக பிரியாணி அண்டா என் பொறுப்பு. எனக்கென்று ஊரில் இருந்த மரியாதை அது ஒன்றுதான். பெண்கள் சங்கக் கூட்டத்தில் தலைவி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ரிட்டயரான டீச்சர் அவர். அஞ்சாவதோடு நின்றவள் நான். டீச்சர் என்றாலே இன்னும் பயம். அந்தக் கூட்டத்தில் ஆமென் தவிர நான் வாய் திறந்ததில்லை. அவர் கெட்டவர் இல்லை, தப்பிக்க வழி வைத்துத்தான் கேட்டார்.

"அக்கா, சும்மா கட்டிவிட்ட பேச்சுதான? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெரசா முடிச்சுட்டு நம்ம சோலியப் பார்ப்போம்."

விருந்தன்று கோயிலுக்குப் பின்னால் ஒதுங்கிக் குடித்துவிட்டு வரும் ஆண்களுக்கு எத்தனை தடவை ஈரல் வறுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் யாரும் இப்படி எழுப்பி நிறுத்தியதில்லை.

"குடிச்சேங்க டீச்சர்."

ஜூஸ் என்று நினைத்துக் குடித்திருப்பார் என்று பின்னாலிருந்து ஒருத்தி எனக்காகப் பரிந்து பேசினாள்.

"பீருன்னு தெரிஞ்சுதான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

ஒரு வாய்தானே என்று டீச்சர் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டு டம்ளருங்க. ரொட்டிக்கு ஒண்ணு, கோழிக்கு ஒண்ணு."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அண்டா வேறொருத்தி கைக்குப் போனது. வலிக்கத்தான் செய்தது. அதற்காக கிறிஸ்துமஸுக்குப் போகாமல் இருக்கவில்லை. எல்லாரையும் போலத் தட்டோடு வரிசையில் நின்றேன். பிரியாணி எப்படி என்று டீச்சர் கேட்டார். உப்புக் குறைவு என்றேன்.