நாலாவது எருமை

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த என் அத்தைக்கு நான்கு எருமைகள். மாலைப் பால் கறந்ததும் அவிழ்த்துவிடுவாள். அவை முள்ளுக்காட்டில் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் கொசுவுக்குப் பயந்து தார் ரோட்டில் ஏறிக்கொள்ளும். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் சாம்பல், நடுவில் விளக்கும் வீடும் இல்லாத ரோடு. கண்டெய்னர் லாரிகள் அதில் பேய் மாதிரி பறக்கும். எருமையின் நிறமோ இருட்டின் நிறம்.

இதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். லாரிகளின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு மினுக்கு ஸ்டிக்கரை வெட்டி, எட்டுக் கொம்புகளிலும் ஒட்டிவிட்டார். அவர் ஓட்டியது ‘சின்ன யானை’ என்கிற குட்டி லாரி. காசிமேட்டு மீனை மீஞ்சூருக்கு ஏற்றிப்போய்த் திரும்ப இரவாகிவிடும். ஹெட்லைட்டில் கொம்புகள் மினுங்கினால், “மகாராணிங்க வர்றாங்கோ” என்று வண்டியை நிறுத்தி வழிவிடுவார்.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் ஒருத்தியின் சைக்கிளில் மினுக்கு ஸ்டிக்கர் இருந்தது, என் சைக்கிளில் இல்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போகிற வழியில் என்னை அத்தை வீட்டில் இறக்கிவிட்டார். அத்தை அசந்த நேரத்தில், நான்கில் சாதுவானதாகப் பார்த்து, இரண்டு கொம்பிலும் இருந்ததை உரித்துக்கொண்டேன். நான் கொடுத்த முறுக்கை மென்றபடி, அது தலையைக் குனிந்தே கொடுத்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்றிரவு அப்பா திரும்பும்போது என்னை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்திலேயே கொம்புகள் மினுங்கின. நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஆடி அசைந்து கடந்தன.

“நாலாவது எங்க கண்ணு?” என்று இருட்டை உற்றுப் பார்த்தார். ஒரு மினுக்கும் இல்லை.

என் கவுன் பையில் இரண்டு துண்டுகளும் இருந்தன. சொல்லியிருக்கலாம். திட்டு விழுமே என்று, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கொட்டாயிலயே பட்த்துகினு கீது போல” என்று அப்பா கியரைப் போட்டார்.

வண்டி வேகமெடுத்த பிறகுதான் ஓரத்து முள்ளிலிருந்து அது ரோட்டில் ஏறியது. அப்பா பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை.

விடிவதற்குள் அது செத்துவிட்டது. நான்கில் நிறையப் பால் கொடுத்தது அதுதான். அதை நம்பித்தான் அத்தை விம்கோ நகர் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா அவள் எதிரில் நிமிரவே இல்லை. “முள்ளுல ஒரசி ஸ்டிக்கர் வுழுந்துகீது யக்கா. நான் பாத்து ஒட்டியிருக்கணும். எம்மேலதான் தப்பு.”

அத்தை அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். “இருட்டுல நீ இன்னாடா பண்ணுவ? வுடு.”

அப்பா உடைந்து அழுதார். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. அத்தையே விட்டுவிட்டாள், இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று, அவள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன். அவள் மன்னித்தது அப்பாவை மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகும், அத்தை உயிரோடு இருந்தவரை, நான் சொல்லவில்லை.