பொழுது இறங்காத நோன்பு

சாப்ட்வேர் வேலைக்காகத் தெருவுக்கு ஒருவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் அண்ணன் ஏறியது ரமலான் மாதத்தில். பயணத்தில் இருப்பவர் நோன்பை விடலாம் என்று பள்ளிவாசல் ஹஜரத் சொல்லியும் கேட்கவில்லை. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு, "நோம்பு வெச்சுகினே போறேம்மா" என்று சொல்லிவிட்டு மீனம்பாக்கத்துக்குப் போனான். வினை அங்கே ஆரம்பித்தது.

அத்தாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை. எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று சாயங்காலம் என் பள்ளிக்கூட உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து லண்டனுக்கும் அங்கிருந்து நியூயார்க்குக்கும் தையல் நூலைப் பிடித்தார். பதினாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இவன் மேக்கால போறான். சூரியனும் மேக்காலதான் போவுது. ரெண்டும் ஒண்ணா ஓடிகினு கீது. நாம அடுத்த சஹருக்கு எழுந்துக்கறப்போதான் அவனுக்குப் பொழுது எறங்கும்" என்று பெருமையாக அறிவித்தார்.

அப்போதுதான் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். வாய்வரை கொண்டுபோன பேரீச்சம்பழத்தை அம்மா தட்டில் வைத்துவிட்டாள்.

"எம்புள்ள வாயில இன்னும் தண்ணி படல. எனக்கு இன்னா கஞ்சி?"

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. பகல் முழுக்கப் பட்டினி. கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வடையில் இருந்த நான் அதைப் பாதியில் வைத்துவிட்டேன். பயமாக இருந்தது. அத்தாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. கணக்கு சரியாக வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா?

அத்தா கெஞ்சிப் பார்த்தார். "திருக்கழுக்குன்றத்துக் கழுகு காசியிலேர்ந்து பறந்து வந்து வேளைக்குத் துன்னுதுன்றாங்க. ஏரோப்ளேன்ல போறவனா பட்டினி கெடப்பான்?"

"கழுகு நோம்பு வெச்சுகினா வருது?"

அத்தா மறுபடியும் உருண்டையை எடுத்தார். நூலை லண்டனிலிருந்து வடக்கே இழுத்து, உலகத்தின் உச்சியைச் சுற்றி வளைத்து நியூயார்க்கில் இறக்கினார். கடையில் ஒரு விரல்கடைத் துணி கூடுதலாகக் கொடுக்காத மனிதர்.

"தப்பா அளந்துட்டேன். ப்ளேனு இப்டித்தான் சுத்திகினு போவும். டிசம்பர் மாசத்துல இந்த உச்சியில சூரியனே கெடையாது, எந்நேரமும் இருட்டுதான். இந்நேரம் அவன் நோம்பு தொறந்திருப்பான்."

உருண்டையின் உச்சியில் இருந்த வெள்ளைப் பகுதியை அம்மா தொட்டுப் பார்த்தாள். "அவனுக்குக் குளுராதா?"

"போர்வை குடுப்பாங்க."

அதற்குப் பிறகுதான் பழம் வாய்க்குள் போனது.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "அம்மா துன்னுச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். "நான் தொறக்காம அது வாயில எதுவும் வெக்காதுன்னு தெரியும். அதான் வாட்சை மாத்தாம, நம்மூரு நேரத்துக்கே தொறந்துட்டேன். வெளிய பட்டப்பகல்."

அதை அப்படியே சத்தமாக அம்மாவிடம் சொன்னேன். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"பட்டப்பகல்ல தொறந்தியா? அந்த நோம்பு சேராதுடா! இன்னொரு நாளு திரும்ப வெக்கணும், ஆமா! எனுக்காக யாருடா உன்னத் தொறக்கச் சொன்னது?"

பஜாருக்கே கேட்கும்படி திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவளுக்குப் பாதியில் குரல் உடைந்தது.

"ரொம்பப் பசிச்சிதா கண்ணு?"