நுவரெலியா பார்க்கிங் பலகையும் ராஜமாணிக்கம் மாமாவும்

நுவரெலியாவில் இந்த சீசனுக்குப் புதிதாக வைத்திருக்கும் பார்க்கிங் பலகைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று போன பதிவின் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். செய்கின்றன. நன்றாகவே செய்கின்றன. கோளாறு எங்கள் வேனுக்குள் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சீசனில் நுவரெலியா போக நினைப்பவர்களுக்கு வேண்டிய தகவல்களும் இடையிடையே வரும், பொறுமையாக வாசியுங்கள்.

சித்திரைப் புதுவருடம் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து புறப்பட்டோம். என் தம்பி ரவிக்குப் பெண் பார்க்கும் பயணம். ரவி மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர், வயது முப்பத்து நான்கு. பெண் கந்தப்பளையில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பெயர் லதா. நுவரெலியா டவுனிலுள்ள கோயிலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு வந்துவிடுங்கள், பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும், அதற்குமேல் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், மத்தியானம் ராகலையிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள் என்று தரகர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ரவிக்கு இதற்கு முன் மூன்று இடம் பார்த்தோம். மூன்றும் எங்கள் மாமாவால் போயிற்று. அம்மாவின் தம்பி, ராஜமாணிக்கம் மாமா. அப்பா போனபிறகு எங்களை ஆளாக்கியவர் அவர்தான், அதனால் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாமாவுக்கு எண் ஜோதிடத்தில் அப்படியொரு பிடிப்பு. ஒரு பெண்ணின் பிறந்த தேதி சரியில்லை, இன்னொரு பெண்ணின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் எட்டு வருகிறது, மூன்றாவது வீட்டின் இலக்கமே எட்டு. எட்டு சனியின் எண்ணாம். ரவி ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு போய்ப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிடுவான். இந்தத் தடவை மட்டும் லதாவின் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, இது மட்டும் கெட்டுப் போயிறாம பாத்துக்க" என்றான். அவன் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை.

ஹட்டனிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். வேன் ஒருநாள் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசலும் சேர்த்து. டிரைவர் சுனில் ஹட்டனில் பிறந்து வளர்ந்த சிங்களவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் வம்பளப்பார். காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டு, கொட்டகலை தாண்டி, தலவாக்கலையில் ஒரு பிளேன்டீ குடித்தோம். வழியில் நீர்வீழ்ச்சி பார்க்க நிறுத்துவதாக இருந்தால் டெவன் பக்கம் நிறுத்துங்கள், காலையில் கூட்டமில்லை, பனியும் அதற்குள் விலகிவிடும். நாங்கள் நிறுத்தவில்லை. பின்னால் நானும் ரவியும் மட்டும். முன் சீட்டில் மாமா, மடியில் வெற்றிலை, வாழைப்பழம், பூ வைத்த தாம்பாளம். ஒவ்வொரு வளைவிலும் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

நானுஓயாவரை ஒரு தொல்லையுமில்லை. அதற்கப்புறம் கொழும்பு வாகனங்கள் வால் பிடித்து நின்றன. சீசன் என்றால் இதுதான். ஊர்ந்து ஊர்ந்து டவுன் எல்லைக்கு வரும்போது மணி பத்தேகால்.

அங்கேதான் முதல் பலகை. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு கம்பத்தில் நிற்கும் கறுப்புப் பலகை. மூன்று மொழியிலும் வாகனத் தரிப்பிடங்களின் பெயர், பக்கத்தில் சிவப்பு விளக்கில் எத்தனை இடம் காலி என்ற எண். தமிழில் எழுத்துப் பிழை இல்லை, அதற்கே ஒரு கும்பிடு போட்டேன். தரிப்பிட வாசலில் ரோட்டின் குறுக்கே தடித்த வயர் போட்டிருக்கிறார்கள். வாகனம் அதன்மேல் ஏறி உள்ளே போனால் எண் ஒன்று குறையும், வெளியே வந்தால் ஒன்று கூடும். ஏரிப்பக்கத் தரிப்பிடத்துக்கு எதிரே அந்த நேரம் சைபர். கோயிலுக்குக் கிட்ட இருக்கிற சந்தைப்பக்கத் தரிப்பிடத்துக்கு எதிரே எட்டு.

"நல்லதாப் போச்சு, எடம் இருக்கு" என்று சுனில் கியரை மாற்றினார்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் மாமா. "எட்டு காட்டுது."

"ஆமாங்க ஐயா. எட்டு வண்டி போடலாம்."

"நல்ல காரியத்துக்குப் போறோம். எட்டுல போய் நொழையக் கூடாது. ஒரு வண்டி முன்னுக்குப் போகட்டும், ஏழாகட்டும். ஏழு நல்ல நம்பர்."

சுனில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரவியைப் பார்த்தேன். ரவி ஜன்னலைப் பார்த்தான். வேன் ஓரமாக நின்றது.

இப்படியும் ஒரு வேடிக்கை உண்டா என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் பலகைக்குக் கீழே உட்கார்ந்து எண் மாறக் காத்திருந்தோம். ஒன்பது ஆயிற்று. "போங்க போங்க" என்றார் மாமா. வேன் ரோட்டில் ஏறுவதற்குள் மறுபடி எட்டு. "நிறுத்துங்க!" பின்னால் வந்த கார்க்காரன் ஹார்னிலேயே எங்கள் வம்சத்தைத் திட்டினான். பிறகு கொழும்பு வேன்கள் மூன்று ஒன்றாகப் போயின. எண் ஐந்து. ஐந்து புதனுடைய எண், மாமாவுக்கு மகா சந்தோஷம். ஆனால் பலகையைப் பார்க்கக் கண் உள்ளவர்கள் நாங்கள் மட்டுமல்லவே. முக்கால் கிலோமீட்டர் ஊர்ந்து சந்தைப்பக்க வாசலுக்குப் போனபோது சங்கிலி போட்டு மூடியிருந்தார்கள். வாசல் பலகையில் சைபர். அந்த நிமிடத்துக்கு அதுவும் சரியான கணக்குத்தான்.

தரகருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஆள் எடுக்கவில்லை. லதா வீட்டாரிடம் போன் கிடையாது. ஒருவழிப் பாதையில் சுற்றி ஏரிப்பக்கச் சந்திக்கு வந்தோம், மணி பதினொன்று இருபது. அங்கே இரண்டாவது பலகை. ஏரிப்பக்கத்தில் இப்போது பதினேழு இடம் காலி. எனக்கு உயிர் வந்தது.

"ஒண்ணும் ஏழும் எத்தன?" என்றார் மாமா.

கணித ஆசிரியர் பின் சீட்டிலேயே இருந்தார். கூட்டிச் சொல்லாமல் கதவைத் திறந்தார்.

"மாமா, நான் நடந்து போறேன்" என்றான் ரவி.

"என்னடா வெளையாட்டு? மாப்பிள்ள தன்னந்தனியா போய் நிக்கிறதா? பெரியவங்க இல்லாம, தட்டு இல்லாம? அவங்க என்ன நெனைப்பாங்க?"

"வராம இருந்தா என்ன நெனைப்பாங்களோ, அதவிடக் கொறச்சலாத்தான் நெனைப்பாங்க."

கதவைச் சாத்திவிட்டு நடந்தான். அங்கிருந்து கோயிலுக்குக் கால்மணி நேர நடை. முப்பத்து நான்கு வயதில் என் தம்பி மாமாவுக்குச் சொன்ன முதல் எதிர்ச்சொல் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. பெண் எடுப்பதற்கு முன்னால் அவன் முதுகெலும்பை எடுத்துக்கொண்டு போகிறான் என்று தோன்றியது.

மாமா இறங்கித் துரத்தப் பார்த்தார். தாம்பாளம் மடியில், அவர் பக்கத்துக் கதவும் இறுகிக்கொண்டது. நான் முந்திக்கொண்டேன். "சுனில், வண்டிய எடுங்க. பதினேழு வேணாம், மாமா சொல்றது சரி. ஒரு சுத்து சுத்தி வருவோம்." சுனில் ஒருகணம் திரும்பிப் பார்த்தார். ரவிக்கு நான் நேரம் எடுத்துக் கொடுப்பது அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப்பிறகு அவர் ஓட்டியது போல மெதுவாக ஒரு வேனை நான் கண்டதில்லை.

ஏரியைச் சுற்றி ஒரு தடவை வர, அந்த நெரிசலில் கால்மணி நேரத்துக்குமேல் ஆனது. மறுபடி பலகை. இருபத்தாறு. "கூட்டிப் பாருங்க மாமா" என்றேன். மாமா கூட்டிப் பார்த்தார். "சே, என்ன பொல்லாத நாள் இது" என்று அவரே சுனிலுக்குக் கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னார். மூன்றாவது தடவை பதினாலு. மாமாவுக்குப் பிடித்த ஐந்து. நான் அவசரமாக ஏரிப்பக்கம் கையை நீட்டி, "மாமா, அந்த மட்டக்குதிரையப் பாருங்க, புள்ளையத் தள்ளிவிடப் போகுது" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து முடிக்கும்போது பலகை பின்னால் போய்விட்டது. குதிரை பாவம், சும்மா புல் மேய்ந்துகொண்டிருந்தது.

எமகண்டம் தொடங்கியதும் மாமா தளர்ந்துபோனார். "எல்லாம் போச்சு. இனி எங்க நிப்பாட்டினா என்ன" என்றார். அந்த நேரம் பலகையில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்து நிறுத்திவிட்டு நடந்தோம். மாமா தாம்பாளத்தோடு எனக்கு முன்னால் போனார். முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் கெட்டவர் அல்லர். எங்களுக்கு இன்னொரு கெடுதி வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்தே வாழ்ந்தவர்.

கோயில் வெளிவாசல் படியில் லதாவின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, மதிலோரம் ரவியும் லதாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ரவி நெளியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினான், அவ்வளவுதான். லதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். போட்டோவில் இல்லாத சிரிப்பு.

"வாங்கண்ணே" என்றார் லதாவின் அம்மா. "தம்பி வந்து எல்லாம் சொன்னாங்க. ராகலைக்காரங்கள வரவேணாம்னு சொல்லிவிட ஆள் அனுப்பிட்டேன். நாங்க பேச ஒண்ணும் மிச்சமில்ல, அவங்க ரெண்டு பேருமே பேசிட்டாங்க."

"இந்த நேரத்துல தட்டு மாத்தக் கூடாதும்மா" என்றார் மாமா, குரல் உள்ளே போய்.

"தட்டு வேணாம்ணே. அந்த வாழப்பழத்த மட்டும் குடுங்க. விடியக்காலையில குடிச்ச தேத்தண்ணி, பசிக்குது."

மாமா படியில் உட்கார்ந்து, தாம்பாளத்தை நடுவில் வைத்து, சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார். தானும் ஒன்று உரித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் என்ன பேசினீர்கள் என்று ரவியைக் கேட்டேன். "ஏன் தனியா வந்தீங்கன்னு கேட்டுச்சி. உள்ளதச் சொன்னேன்" என்றான். "சிரிச்சிச்சி. அப்பறம் சொல்லிச்சி, இதுவரைக்கும் வந்தவங்க எல்லாக் கேள்வியும் அம்மாகிட்டதான் கேட்டாங்க, நீங்கதான் எங்கிட்ட கேட்டீங்கன்னு."

இனி நீங்கள் கேட்ட விஷயம். பலகையை நம்பலாம், ஆனால் அது காட்டுவது நீங்கள் அதைப் பார்க்கிற நிமிடத்து நிலவரம். பத்துக்குக் கீழே காட்டினால் நீங்கள் போய்ச் சேருமுன் நிரம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதுக்கு முன் டவுனுக்குள் நுழைந்துவிடுங்கள். இரண்டு பேர்தான் என்றால் ஹட்டனிலிருந்து பஸ்ஸே போதும், நேரமும் அதிகம் வித்தியாசமில்லை. பிற்பகலில் மழை வரும், குடை எடுத்துப் போங்கள். முக்கியமான ஆளை எங்காவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் அவரை இறக்கிவிட்டுப் பிறகு இடம் தேடுங்கள்.

போன வாரம் மாமா பஞ்சாங்கத்தோடு வீட்டுக்கு வந்தார், ஆவணியில் நாள் குறிக்க. பாயில் உட்கார்ந்து விரித்தார், விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனார். நாங்கள் வழக்கம்போல வாய்பொத்தி நின்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரவி, ஒனக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா அவனை இப்படி எதையும் கேட்டது எனக்கு நினைவில்லை.

"லதாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்றான் ரவி.