கூரைக் கல்லும் ஆட்காட்டிக் குஞ்சும்

நிலம் அதிர்ந்தால் ஓடு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதா, அசையாமல் கிட என்றா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லைனில் எங்கள் வீடு. பின்னால் சைனைட் மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு சுரங்கம் துப்பிய சாம்பல் மணல். புல்கூட முளைக்காத பாலை. அதன் அடிவாரத்தில் ஓர் ஆட்காட்டிப் பறவை வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது. கல் எது, முட்டை எது என்று தெரியாது. உச்சிவெயிலில் குழாயடித் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, விறுவிறுவென்று ஓடிவந்து முட்டைகளை மூடி நிற்கும். குஞ்சு பொரித்த பிறகு, நாய் வந்தால் ஒரு குரல்தான். குஞ்சுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். தாய் இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து, நாயை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும்.

என்னோடு நின்று பார்த்த நாலு வயது மகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டாள். நான் உரக்கக் கூப்பிட்டால் போதும், கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்துக்கொள்வாள்.

ஒரு காலை, பூமிக்குள் பாறை வெடித்து வீடு குலுங்கியது. பாத்திரம் உருண்டால் வெளியே ஓடுவதுதான் லைன் வழக்கம். “வெளிய ஓடியாங்கடி!” என்று மாமியார் முன்னால் ஓடினார். மகளைக் கூவி அழைத்தபடி நானும் ஓடினேன். வாசலில் திரும்பினால் அவள் இல்லை. காற்றில் பறக்காமலிருக்கத் தகரக் கூரைமேல் நாங்களே ஏற்றியிருந்த கற்கள் வாசற்படியில் விழுந்தன. ஒன்று என் தோளைக் கிழித்தது. கட்டிலுக்கடியில் மகள் ஒரு கீறலுமின்றிக் கிடந்தாள்.

“படிச்சவளாம்! பட்சிய காட்டிப் புள்ளைய இன்னா பண்ணி வச்சிருக்கா பாரு,” என்றார் மாமியார்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரும் அதையே சொன்னார். “ஓடக் கத்துக்குடு.”

“ஓடியிருந்தா கல்லு அவ தலையிலதாங்க விழுந்திருக்கும்.”

“அடுத்த தபா சுவரே சாஞ்சா?”

சாயங்காலம் அதே கற்களை அவர் திரும்பக் கூரையில் ஏற்றினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏற்றாவிட்டால் அடுத்த காற்றில் கூரையே இருக்காது.

ஆட்காட்டிக்கு நாய் வரும் திசை தெரியும். எனக்கு ஆபத்து கீழேயும் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளை வளர்த்தவர்கள் யாரேனும் இருந்தால், அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று எழுதுங்கள். சாமியைக் கும்பிடு என்று மட்டும் வேண்டாம். அதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.