எந்தப் பழுதுக்கும் சிவப்பு

அமுதவல்லி என்ன வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. ரயில்வே சிக்னல் சரியாக வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க, அங்கே கம்ப்யூட்டருக்குள் தண்டவாளம், சிக்னல், ரயில் எல்லாம் இருக்கும். அவள் ஒயரை அறுப்பாள், பல்பை அணைப்பாள், கரண்டை நிறுத்துவாள், எல்லாம் திரைக்குள்தான். என்ன பழுது வந்தாலும் சிக்னல் சிவப்புக்குப் போய்விட வேண்டும். போய்விட்டால் நிம்மதியாக டீ குடிக்கப் போவாள். "பொம்மை ரயிலுக்கா சம்பளம் தர்றான்?" என்று அண்ணன் கலியபெருமாள் கேலி பேசுவான். அவன் நிஜ ரயில் ஓட்டுகிறவன், பேசத்தான் செய்வான். அவளைப் படிக்க வைத்ததும் அவன்தான்.

விழுப்புரம் லைனை அகலப்பாதை ஆக்கிய மறு வருஷம் அவன் பேச்சு அடங்கிப்போனது. முதலில் இருமல் வந்தது. டி.பி. என்றார்கள். வெளியே தெரிந்தால் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, தனியார் டாக்டரிடம் மாத்திரை வாங்கி விழுங்கினான். அந்த மாத்திரை சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும், பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டர். பேப்பர் எழுத்து நன்றாகவே தெரிந்ததால் அண்ணனும் தங்கையும் அதை மறந்துபோனார்கள்.

அடுத்த இடி அதைவிடப் பெரிது. ஒரு மாலையில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய், முன்னால் நின்ற ரயிலின் கடைசிப் பெட்டியில் மோதாமல் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினான். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்துவிட்டார்கள். சிக்னலில் பழுதில்லை என்று முடிவானால் வேலை போய்விடும்.

"பச்சைதாம்மா எரிஞ்சுது. எம்பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்," என்று அழுதான். உதவி டிரைவர் பக்கிரி, இன்ஜினில் ஏதோ சத்தம் என்று பின்பக்கம் போயிருந்த நேரம் அது. சாட்சிக்கு ஆளில்லை.

அண்ணன் பொய் சொல்ல மாட்டான். அப்படியானால் சிக்னல்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். அமுதவல்லி அதே ஸ்டேஷனைத் திரைக்குள் கட்டினாள். ஒயரை அறுத்தாள். சிவப்பு. மழைத் தண்ணீரில் தண்டவாளத்தை முழுக வைத்தாள். சிவப்பு. தெரிந்த பழுதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அதன் தலையில் போட்டாள். அப்போதும் சிவப்புதான்.

"ஒரே ஒரு தடவ பச்சை காட்டித் தொலையேன், சனியனே!" என்று மானிட்டரைத் திட்டினாள். பாழாய்ப்போனவர்கள், இவ்வளவு நன்றாகவா ஒன்றைச் செய்து வைப்பார்கள்! அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் அவனையே கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஓட்டிப் பார்த்தால் ஏதாவது ஞாபகம் வராதா என்ற நப்பாசை. பக்கத்து மேஜையில் அவளோடு வேலை பார்க்கும் நிர்மலாதேவி ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

ரயில் கிளம்பியது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. சிக்னலைக் கண்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது டிரைவர்களின் வழக்கம். கலியபெருமாள் கையை நீட்டிக் கூவினான்.

"பச்சை!"

அமுதவல்லி திரையைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது சிவப்பு.

"அண்ணா, நல்லா பாரு."

"பாத்துட்டேன். நான்தான் சொன்னேன்ல? ஒம் பொம்மையே பச்சை காட்டிடுச்சு!" வெகுநாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் நிர்மலாதேவி பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா, இது என்னா கலரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "செவப்புண்ணா. ஏன்?"

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிரேக் போட ஆளில்லாமல் ரயில் அந்த விளக்கைத் தாண்டிப் போனது.

"எப்பவும் பக்கிரிதான் மொதல்ல சொல்லுவான்," என்றான் மெதுவாக. "அவன் செவப்புன்னா நானும் செவப்புன்னு சொல்லுவேன். அவன் பச்சைன்னா நானும் பச்சை." திரையில் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தான்.

"அப்ப இத்தினி நாளா அந்த வண்டிய நான் ஓட்டலியாம்மா?"