தம்பி என்றால் நஷ்டஈடு இல்லை

தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்கில் ஜெயிப்பது பாதிக் கிணறு தாண்டுவது போலத்தான். மீதிக் கிணறு எதிராளியின் அப்பீல். தீர்ப்பு வந்த பிறகும் தீராத வழக்கோடு கோர்ட் வாசலில் நிற்கும் சக பாவிகளே, ஆரணியில் வக்கீலாக இருந்து நான் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாசமுள்ள அண்ணன்

முனிரத்தினம் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். பட்டறையில் கொதிக்கிற சாயத் தொட்டி சரிந்து வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவருக்காக நான்தான் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். விசாரணையில் முதலாளி, இவர் என் தொழிலாளியே இல்லை, கூடப்பிறக்காத தம்பி என்றார். தினமும் பட்டறைக்கு வந்தது பாசத்தில். நூலைச் சாயத்தில் முக்கியதும் பாசத்தில். வாராவாரம் கையில் கொடுத்தது? அதுவும் பாசம்தானாம். தீபாவளி வேட்டி போனஸ் இல்லை, தம்பிக்குச் செய்த சீர். சொல்லும்போது கண் வேறு கலங்கியது.

நான் கேஸ் கட்டை மேஜையில் தட்டி வைத்தேன். முனிரத்தினமோ வெளியே வந்ததும் நிதானமாகக் கேட்டார்:

"தம்பின்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு மேடம். பட்டறையில பாகம் கேட்டு இன்னொரு கேஸ் போட்டுடலாமா?"

ஜெயித்தவர் பாடு

விசாரித்த அதிகாரி பாசத்தை நம்பவில்லை. முனிரத்தினம் தொழிலாளிதான், நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு வந்தது. அவர் ஸ்வீட் பாக்கெட்டோடு ஆபீசுக்கு வந்தார். அதைப் பிரிப்பதற்குள் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. முதலாளி சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நாம் தோற்றிருந்தால் நமக்கும் அந்த உரிமை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

"ஜெயிச்சவனுக்குப் பேஜாரு, தோத்தவனுக்கு இன்னோர் ஆட்டம். பேசாம நாம தோத்திருக்கலாம் மேடம்."

இலை போடும் முன்

அப்பீல் போகிற முதலாளி, தீர்ப்பான தொகையை முதலில் கட்டியாக வேண்டும். இதைக் கேட்டதும் மனிதருக்குத் தலை சுற்றிவிட்டது. ஒருநாள் நேராக என் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தார். நான் எதிர்த்தரப்பு வக்கீல், உங்கள் வக்கீலைப் போய்க் கேளுங்கள் என்றேன். கேட்டாகிவிட்டதாம், சொந்த வக்கீல் பயமுறுத்துகிறாரோ என்று சந்தேகம் வந்ததால் எதிரியிடம் விசாரிக்க வந்தாராம். நானும் கட்டத்தான் வேண்டும் என்றதும் நொந்துபோனார்.

"ஓட்டல்ல கூட சாப்ட்டு கை கழுவின பிறகுதாங்க பில்லு. இங்க இலை போடறதுக்கு முன்னாடியே வாங்கறாங்களே, இது எந்த ஊரு நியாயங்க?"

கையும் கேள்வியும்

முணுமுணுத்துக்கொண்டே கட்டினார், அப்பீலும் போட்டார். வாய்தா அன்று முனிரத்தினம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் சென்னைக்கு வந்துவிட்டார். நீதிபதி கையைப் பார்த்தால் இரங்கிவிடுவார் என்பது அவர் கணக்கு. அப்பீலில் கையெல்லாம் பார்க்கமாட்டார்கள், முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். சாயங்காலம் வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போயிற்று.

"கையப் பாக்கமாட்டாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, கைய வூட்லயே வெச்சிட்டு வந்திருப்பேனே மேடம்."

ஒரே ஒரு வரி

போன மாதம் முதலாளி தரப்பிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். அப்பீலை வாபஸ் வாங்கிக்கொள்கிறார்களாம். கட்டிய தொகை முழுவதையும் முனிரத்தினம் எடுத்துக்கொள்ளலாமாம். பதிலுக்கு, நான் இந்த முதலாளியிடம் வேலை பார்த்ததே இல்லை என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டறையில் இன்னும் பல தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களும் ஒருநாள் தொழிலாளி ஆகிவிடுவார்களோ என்கிற பயம்.

ஒரு வரிதானே, போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருப்பது எனக்குத் தெரியும். அவர் ஒட்டிப்போன விரல்களை இடது கையால் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அங்க வேல செஞ்சிகினு இருந்தப்போதான் மேடம் இது வெந்துச்சு. வேலையே செய்யலன்னு எழுதிட்டா, நாளைக்கு என் பொண்ணு கேட்டா இந்தக் கைக்கு இன்னா ஆச்சுன்னு சொல்றது?"

அப்பீல் என்பது தோற்றவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை; ஜெயித்தவருக்கு அது கொடுத்திருப்பது காத்திருக்கிற வேலை, அந்த வேலைக்குத்தான் இன்னும் யாரும் நஷ்டஈடு கண்டுபிடிக்கவில்லை.