கோட்டையைத் தமிழில் சொன்ன நாள்

மிசிசாகாவில் நான் வேலை செய்த அலுவலகத்தை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று நினைத்து, ரொறன்ரோ நகரின் பழைய கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கொளுத்துகிற வெயிலில் தடித்த கம்பளித் துணியில் தைத்த சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு பிரித்தானியச் சிப்பாயாக நிற்க வேண்டும். என் மனைவி அந்தக் கோலத்தைப் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினாள். அவர்கள் இருவரும் சிரித்ததோடு சரி.

கோட்டை என்றதும் கருங்கல் மதிலை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். புல் மூடிய மண் அணை, சில செங்கல் கட்டடங்கள், பழைய பீரங்கிகள், அவ்வளவுதான். ஒருகாலத்தில் ஏரி அதன் காலடியில் இருந்தது. மண் போட்டு நிரப்பி நிரப்பி ஏரியைத் தூரத் தள்ளிவிட்டார்கள். இப்போது ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் தூண்களின் மேல் ஓடும் விரைவுசாலை, சுற்றிவரக் கொண்டோ மாடிக் கட்டடங்கள். பழுதாகிக் கிடந்த இடத்தை நகரசபை எடுத்துத் திருத்திப் பூங்காவாக்கியது. பிற்காலத்தில் விரைவுசாலையை அதன் மேலாகவே கொண்டுபோகப் பார்த்தார்கள். நகரத்து மக்கள் சிலர் விடவில்லை. சாலை விலகிப் போகிறது.

நான் தினமும் சொன்ன கதை இது. 1813இல் அமெரிக்கப் படை கப்பல்களில் வந்து இறங்கியது. கோட்டையைக் காக்க முடியாது என்று கண்ட பிரித்தானியத் தளபதி தன் படையோடு ஊரைக் கடந்து கிழக்கே பின்வாங்கினார். உள்ளே ஆட்கள் இருப்பதாக எதிரி நினைக்கட்டும் என்று கொடியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைக்கச் சொன்னார். கிடங்கு வெடித்துக் கல்மழை பொழிந்தது. எதிரிப் படையில் ஏராளமானோர் மாண்டார்கள். இந்த இடத்தில் எல்லோரும் வெடித்த பள்ளத்தை எட்டிப் பார்ப்பார்கள். நான் அடுத்த கட்டடத்துக்குக் கூட்டிப் போவேன்.

அந்த ஆடியில் நகரின் கிழக்கே ரூஜ் பக்கத்திலிருந்து தமிழ் முதியோர் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு அது முதல் தடவை. ஆங்கிலத்தில் வாய்க்குப் பழகிய கதை தமிழில் தடக்கியது. 'பின்வாங்கினார்' என்ற சொல் பத்திரிகைச் செய்திபோல இருந்ததால், "எல்லாரும் விட்டிட்டுப் போயிட்டினம்" என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் நின்ற அன்ரி ஒருவர், சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து போட்டிருந்தவர், கையை உயர்த்தினார்.

"தம்பி, ஊருக்குள்ள இருந்த சனத்துக்குச் சொல்லிப்போட்டோ போனவை?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாது அன்ரி" என்றேன்.

பயணத்தை ஒழுங்கு செய்த அங்கிள் குறுக்கிட்டார். "சண்டையில உதெல்லாம் சொல்லிக்கொண்டு நிக்கேலாது. சொன்னா எதிரிக்கும் தெரிஞ்சிடும்."

"ஓம் அண்ணை. சண்டைக்குச் சரி. சனம் என்ன செய்யிறது?" என்றார் அன்ரி. பிறகு எங்களைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார். "எங்கட சந்தியில சென்றி இருந்தது. எந்த நேரமும் ஆக்கள் துவக்கோட நிப்பினம். அவை இரவே போயிட்டினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. மற்றப் பக்கத்து ஆக்கள் வந்திட்டினம் எண்டும் தெரியாது. என்ர மனிசன் வழக்கம்போல கடைக்குப் பாண் வாங்கச் சைக்கிளில வெளிக்கிட்டவர். சந்தி தாண்டேல்ல. சுட்டுப்போட்டினம்."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அங்கிள் தொப்பியைக் கழற்றினார். பக்கத்துப் பாதையில் ஒரு ரயில் நீளமாகப் போய் முடிந்தது.

"அடுத்தது எங்க தம்பி?" என்று கேட்டவரும் அன்ரிதான்.

மத்தியானம் புல்தரையில் அமர்ந்து எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். அங்கிள் மட்டும் எழும்பி என்னிடம் வந்தார்.

"அந்தக் கொமாண்டருக்கு என்ன நடந்தது?"

"பிறகு பதவியிலயிருந்து எடுத்துப்போட்டினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அங்கிள்."

அவர் தன் இடத்துக்குப் போனார். அன்ரிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தன் பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் என் மேலாளரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவருக்கும் உடனே தெரியவில்லை. சில புத்தகங்களை எடுத்துத் தந்தார். தளபதி போனபிறகு ஊர்க்காவல் படை அதிகாரிகள்தான் சரணடைவது பற்றி எதிரியோடு பேசினார்கள். வீடுகள் கொள்ளை போயின. ஊரார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதெல்லாம் எழுதப்பட்டுத்தான் இருந்தது. நான் தேடாமல் விட்டிருந்தேன்.

அதன்பிறகு ஆங்கிலத்திலும் கதையைப் பள்ளத்தோடு நிறுத்தாமல் ஊருக்குள் கொண்டுபோனேன். சிலருக்கு அது நீளமாகத் தோன்றியது, நேரத்தைப் பார்த்தார்கள். மேலாளர் ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "அப்படியே சொல்லும்" என்றார்.

பனிக்காலத்தில் எனக்கு வேறு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் மட்டும் கோட்டைக்குப் போகிறேன். இந்த வருடம் அங்கிள் தொலைபேசியில் அழைத்து, இன்னொரு பஸ் வருகிறது என்றார்.

"அந்த அன்ரியும் வாறாவோ?"

"ஓம். அவதான் ஆக்களைச் சேர்க்கிறா."